வியர்வை சிந்தும் உடலைப் பேணுவோம்

சித்திரை பிறந்துவிட்டால் வேப்பம்பட்டில் காலை வெயிலே சுடத் தொடங்கிவிடுகிறது. விடிந்ததும் திருவள்ளூர், அம்பத்தூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு மின்சார ரயிலேறும் நம் தந்தையரும் தாய்மாரும், மாலையில் உப்புப் பூத்த ஆடையோடு இல்லம் திரும்புகின்றனர். வெளியே வெப்பம் 40 பாகையைத் தொட்டாலும், அவர்களது உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 பாகை செல்சியசிலேயே நிற்கிறது. இஃது எவ்வாறு?

மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதி, இரத்தத்தின் சூட்டை ஓயாது கவனித்து வருகிறது. சூடு சற்றே ஏறியதும் தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, இதயம் விரைந்து துடித்து, உள்வெப்பத்தை இரத்தத்தோடு தோலுக்கு அனுப்புகிறது, வியர்வை சுரக்கிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டு செல்கிறது.

ஆனால், வியர்வையாய் வெளியேறுவது இரத்தத்திலுள்ள நீரும் உப்புமே அன்றோ? இங்கே சிறுநீரகங்கள் துணைக்கு வருகின்றன. நாள்தோறும் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டும் அவை, ஒன்றரை லிட்டரளவே சிறுநீராக வெளியேற்றுகின்றன. உடலில் நீர் குறைந்ததும், பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன் அதனையும் குறைக்கச் செய்கிறது. அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன் உப்பைக் காக்கிறது. மூளை தாகத்தை எழுப்புகிறது. கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய திருமுகத்தில் புனித பவுலடியார் திருச்சபையை ஓருடலுக்கு ஒப்பிட்டதன் பொருத்தம் இங்கே விளங்குகிறது.

எனினும், இக்கூட்டுறவுக்கும் எல்லையுண்டு. சிறுநீரகம் நீரைச் சேமிக்குமேயன்றி உண்டாக்காது. பணியிடத்தில் கழிப்பிட வசதியில்லையென்று நாள் முழுதும் தண்ணீரைத் தவிர்க்கும் சகோதரிகள், நீர்க்கடுப்புக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் ஆளாகின்றனர். காற்றோட்டமற்ற கூடத்திலும் ஈரக்காற்று மிகுந்த நாளிலும் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. உடற்சூடு 40 பாகையைக் கடந்து, பேச்சுத் தடுமாறி மயக்கமும் வந்தால், அது உயிரைப் பறிக்கவல்ல வெப்பத்தாக்கு. உடனே நிழலில் கிடத்தி, உடலை நனைத்து விசிற வேண்டும். 108 ஊர்தியை அழைக்க வேண்டும். மயங்கியவரின் வாயில் நீர் ஊற்றலாகாது.

தமிழக அரசு 2024ஆம் ஆண்டில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. தொழிலாளரை அவர்தம் வலிமைக்கு மீறி வருத்துவது நீதியன்று என்று திருத்தந்தை 13ஆம் லியோ 1891ஆம் ஆண்டிலேயே தம் சுற்றுமடலில் கற்பித்தார். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் குடிநீரையும் கழிப்பிடத்தையும் கட்டாயமாக்கியது.

ஆகவே, வேலைக்குப் புறப்படுவோருக்குச் சோற்றுப் பாத்திரத்தோடு தண்ணீரும் உப்பிட்ட மோரும் கொடுத்தனுப்புவோம். இதய, சிறுநீரக நோயுள்ளோர் மட்டும் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டறியட்டும். நம்முள் மேற்பார்வையாளராகவும் முதலாளிகளாகவும் இருப்போர், தண்ணீரும் நிழலும் ஓய்வும் தூய கழிப்பிடமும் தருவதைச் சலுகையென்று எண்ணாது கடமையென்று கொள்வார்களாக. உடலுக்குள் உறுப்புகள் ஒன்றையொன்று தாங்குகின்றன. உடலுக்கு வெளியே அவ்வுழைப்பாளரைத் தாங்க வேண்டியவர்கள் நாமே.