கறுப்புக் கோட்டும் கடைக் கொப்பியும்

அப்புக்காத்தர் வீட்டிலே பணத்துக்கு என்ன பஞ்சம் என்று கேட்பவர்கள் நம்மூரிலே இன்றும் உளர். அப்புக்காத்து, பிரக்கிராசி என்ற இரு பெயர்களும் 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டத்தினால் ஏட்டளவில் மறைந்து, 1974 சனவரி முதலாந் திகதி தொடக்கம் எல்லாரும் சட்டத்தரணிகள் ஆகிவிட்டனர். பெயர் மாறியதேயன்றி ஊராரின் எண்ணம் மாறவில்லை. கறுப்புக் கோட்டைக் கண்டால் பலசரக்குக் கடைக்காரர் கடன் கொடுக்கத் தயங்குவதில்லை. அந்தக் கடன் எழுதப்பட்ட கொப்பி ஒன்றின் கதையையே இங்கு சொல்ல எண்ணுகின்றேன்.

என்னோடு ஒரே வாங்கிலிருந்து படித்த நண்பர் ஒருவர், சட்டக் கல்லூரியில் தேறி வெளிவந்த நாள் முதலாகக் குற்ற வழக்குகளையே பேசிவந்தார். அவருடைய பெயரும் ஊரும் இங்கு வேண்டா. காலையில் நீதவான் நீதிமன்றம். பிணை மனு, அடிதடி, வாகன விபத்து, களவு. அன்றன்று தோன்றியதற்கு அன்றன்றே பணம். மாலையில் மீனும் மரக்கறியும் வாங்கிக்கொண்டு வீடு சேர்வார். மனைவியார் அரசாங்கப் பாடசாலை ஆசிரியை. அவருடைய சம்பளம் வீட்டுக் கடனுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் போய்விடும். நாளாந்தச் செலவு முழுவதும் நண்பரின் கைப்பணம். பதினைந்து ஆண்டுகள் இந்த ஏற்பாடு குறையின்றி நடந்தது.

2020 மார்ச்சு மாதத்திலே கொள்ளை நோயின் பொருட்டு நாடெங்கும் ஊரடங்கு பிறந்தபோது, மன்றுகள் அவசர அலுவல்களோடு நின்றன. மன்றில் தோன்றினாலன்றிக் கூலி இல்லாதவருக்கு வருமானமும் நின்றது. வீட்டுக்குள் அடைபட்ட அந்நாட்களிலே பழைய கட்டுகளைப் பிரித்து அடுக்கியவர், தாம் திருப்பியனுப்பிய ஒரு பெண்மணியின் உறுதிகளின் பிரதியைக் கண்டார். போர்க் காலத்தில் இடம்பெயர்ந்து, ஆண்டுகள் பல கழிந்து மீண்டு வந்து, தம் தாயின் காணியிலே வேறொருவர் வீடு கட்டியிருக்கக் கண்ட பெண்மணி அவர். "இது என் துறையன்று, அம்மா" என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டாராம். அந்த இரண்டு நிமிடம் அவரை உறுத்திற்று. தம் 42ஆவது வயதிலே, குற்ற வழக்கை விட்டுக் காணி வழக்குக்கு மாறுவதென்று முடிவு செய்தார்.

வெளியிலிருந்து நோக்குவோருக்கு இது பெரிய மாற்றமாகத் தோன்றாது. இரண்டும் சட்டம்தானே? நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். நண்பர்தாம் விளக்கினார். குற்ற வழக்கிலே எதிரிக்காகப் பேசுபவர் நியாயமான ஐயமொன்றை எழுப்பினால் போதும். பாகப்பிரிவினை வழக்கைக் கொண்டுவருபவரோ ஐயங்களையெல்லாம் தாமே தீர்த்தாக வேண்டும். எதிராளி வாயே திறவாவிட்டாலும், உரித்தை ஆராய்வது மன்றின் கடமை. பதினைந்து ஆண்டுகளாகச் சுவரில் ஓட்டை தேடியவர், இனிச் சுவர் எழுப்பப் பழக வேண்டும்.

அதற்கான கல்லும் மண்ணும் எளிதில் கிடைப்பனவல்ல. காணியின் கைமாற்றம் நொத்தாரிசின் முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைச் சட்டம் தொட்டு வரும் விதி. ஆகவே உறுதிக்கு மேல் உறுதியாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். பழைய உறுதிகள் லாச்சம், பரப்பு, குழி என்று பேசும். இன்றைய நில அளவையாளரின் படம் ஹெக்டேயரில் பேசும். வடக்கிலோ தேசவழமை வேறு குறுக்கிடும். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் எழுத்திலே தொகுக்கப்பட்ட வழமை அது. முதுசம் எது, சீதனம் எது, தேடிய தேட்டம் எது என்று பிரித்தறியாமல் ஓர் அடி வைத்தல் இயலாது. மனைவி தன் அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என 1911ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. கணவன் போரிலே காணாமற்போனவனாயின், அந்தப் பெண் சம்மதத்தை யாரிடம் கேட்பாள்? மாவட்ட நீதிமன்றத்தின் படியேற வேண்டும்.

பத்தாண்டு இடையூறின்றி எதிரிடையாக ஆண்டவருக்கு உரித்தளிக்கும் 1871ஆம் ஆண்டுக் காலவிதிப்புச் சட்டத்தையும், போரினால் மன்றுக்கு வர இயலாதிருந்தோருக்காக 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கில் கொள்ளாது விட வழிசெய்த 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தையும், பிள்ளைகள் உறங்கிய பின்னர் மேசை விளக்கின் கீழிருந்து படித்தார். படிப்பு அவருக்குச் சுமையாக இருக்கவில்லை. நம் வகுப்பிலே முதல்வர் அவர்தாம். சுமை வேறிடத்தில் இருந்தது. மூத்த சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்திலே, தம்மிலும் பத்து வயது இளையவர்களுக்குப் பின்னால் கதிரை போட்டு அமர்ந்து குறிப்பெடுக்க வேண்டியிருந்தது. முதல் நாள் அங்கு வந்த பழைய கட்சிக்காரர் ஒருவர், "ஐயாவுக்கும் இங்கே வழக்கோ?" என்று பரிவோடு கேட்டாராம்.

அவ்வேளையில்தான் கொழும்பிலே வங்கியொன்றிலிருந்து சட்ட அலுவலர் வேலைக்கு அழைப்பு வந்தது. ஈடு வைக்கப்படும் காணிகளின் உறுதிகளைச் சரிபார்க்கும் வேலை. நண்பர் என் ஆலோசனையைக் கேட்டார். நான் பொருளியல் படிப்பிப்பவன். ஒரு தாளை எடுத்து இரண்டாகக் கோடிட்டேன். ஒருபுறம் மாதச் சம்பளம். அதன்மேல் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி இடும் 12 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம். மறுபுறம் பூச்சியம். விரும்பிய துறையும் கைகூடும், சம்பளமும் வரும். வேறென்ன வேண்டும் என்றேன். தேநீர் கொண்டுவந்த அவர் மனைவியார் தாளைப் பார்த்துவிட்டு, "அண்ணை, கொழும்பு வாடகையைச் சரியாக எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகள் தகப்பனைக் காணாத கிழமைகளை எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள்?" என்று கேட்டார். என்னிடம் விடை இருக்கவில்லை. நண்பர் கொழும்புக்குப் போகவில்லை.

போகாததன் விலையையும் சொல்லத்தான் வேண்டும். காணி வழக்கிலே தினக்கூலி இல்லை. வழக்குத் தொடரப்பட்டதைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும்; அளவையாளர் சென்று முதற்படம் வரைய வேண்டும்; உரித்துக் கோருவோருக்கெல்லாம் அறிவித்தல் போக வேண்டும்; விசாரணை, இடைத் தீர்ப்பு, மறுபடியும் அளவை, இறுதித் தீர்ப்பு. பேரன் எடுத்துச் சொல்லப் பாட்டனார் தொடுத்த வழக்கு முடிந்ததென்று கேலி பேசுவது வெறுங் கேலியன்று. இதற்கிடையில் 2022 வந்தது. அவ்வாண்டு செப்தெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி விலையேற்றம் ஏறக்குறைய 70 வீதத்தைத் தொட்டது. ஆசிரியையின் சம்பளம் அசையாது நிற்க, அரிசியும் பால்மாவும் மேலே பறந்தன. கடைக் கொப்பியிலே பக்கங்கள் நிரம்பின.

ஒருநாள் மகளின் பாடப் புத்தகத்துக்குள்ளிருந்து வங்கியின் அடைவுத் துண்டொன்று விழுந்தது. மனைவியார் தம் காப்பிரண்டையும் அடைவு வைத்து மூன்று மாதமாகியிருந்தது. உறுதிகளுக்குள் மறைந்துகிடக்கும் உரித்தையெல்லாம் தேடியெடுப்பவர், மனைவியின் வெறுங்கையைக் காணவில்லை! அன்றிரவு அவர்களுக்குள் கடுஞ்சொல் பிறந்தது என்பதை நான் மறைக்கப்போவதில்லை. இருவருமே எனக்குச் சொல்லியிருக்கின்றனர். நண்பருக்குக் கோபம், தமக்குச் சொல்லவில்லை என்று. மனைவியாருக்குக் கோபம், அவர் மட்டும் சொன்னாரா என்று. கடைக் கொப்பியின் தொகையை அவரும் பாதியாகவே வீட்டில் சொல்லிவந்திருக்கின்றார்.

இன்னொன்றும் அன்றிரவுதான் வெளிவந்தது. நொத்தாரிசு வேலையையும் அவர் தொடங்கியிருந்தமையால், ஒரு விற்பனை உறுதிக்கான முத்திரைத் தீர்வைப் பணம் அவ்வாரம் வீட்டு அலுமாரியிலே இருந்தது. விலையின் முதல் ஓரிலட்சத்துக்கு 3 வீதம், எஞ்சியதற்கு 4 வீதம். காப்பு மீட்பதற்குப் போதுமானதற்கும் அதிகம். அடுத்த மாதம் 15ஆந் திகதிக்குள் உறுதியின் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். அதற்கிடையில் சிறிது புரட்டிக்கொள்ளலாமே என்ற எண்ணம் ஒருமுறையன்றிப் பலமுறை வந்ததென்று அவரே ஒப்புக்கொண்டார். மறுநாள் காலை முதல் வேலையாகப் பணத்தைச் செலுத்திவிட்டு, பற்றுச்சீட்டைக் கொண்டுவந்து மனைவியிடம் காட்டினார். அன்று தொடக்கம் கட்சிக்காரரின் பணம் அவ்வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. நேரே வங்கிக்குப் போகின்றது.

அதன் பிறகுதான் அவர்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தனர். என்னுடைய தாளையும் எடுத்து வைத்தனர் என்று கேள்விப்பட்டபோது வெட்கமாக இருந்தது. திங்களும் செவ்வாயும் பழையபடி நீதவான் நீதிமன்றத்துக்குப் போவது. அவ்விரு நாள் வருமானம் வீட்டுக்கு. ஏனைய மூன்று நாளும் மாவட்ட நீதிமன்றத்துக்கு. காணி வழக்கிலே கூலியை இறுதிவரை காத்திராமல், வழக்கேடு தயாரித்தல், படம் வருதல், விசாரணை தொடங்குதல் எனப் படிப்படியாகப் பெறுவது. கடைக் கொப்பியை இனி இருவரும் பார்ப்பது. துறை மாறுகின்றவர் பழைய தோணியைக் கொளுத்திவிட்டுப் போக வேண்டும் என்று மேடையில் முழங்குவோர் உண்டு. அவர்கள் வீட்டிலே பால்மா வாங்குபவர் வேறு யாரோ என்று நினைக்கின்றேன்.

இரண்டு நாள் என்றது பின்னர் ஒருநாளாயிற்று. காப்பில் ஒன்று மீண்டிருக்கின்றது. மற்றது இன்னும் வங்கியில். திருப்பியனுப்பப்பட்ட அந்தப் பெண்மணியைத் தேடிப் பிடித்து அவர் தொடுத்த வழக்கிலே இடைத் தீர்ப்பு இன்னும் வரவில்லை.

சென்ற ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மேசையின் ஒருபுறம் மனைவியார் தவணைப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். மறுபுறம் நண்பர், மகளின் சித்திரக் கொப்பியிலிருந்து கிழித்த பெரிய தாளிலே ஒரு காணிக்குரிய வம்சாவழியை வரைந்துகொண்டிருந்தார். நான்கு தலைமுறை, முப்பதுக்கு மேற்பட்ட பெயர்கள். தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த மகள், "அப்பா, இந்த ஆச்சிக்கு மூன்று பிள்ளைகள் என்று அந்த உறுதியில் இருக்கிறது, நீங்கள் இரண்டுதான் கீறியிருக்கிறீர்கள்" என்றாள். அவர் உறுதியை எடுத்து மீண்டும் படித்தார். பின்பு ஒன்றும் பேசாமல் அழிறப்பரைத் தேடினார்.