அட்டப்பாடித் தங்கம்: டன்னை விடுங்கள், கிராமைக் கேளுங்கள்

கனிம ஆய்வு உரிம ஏலங்களுக்கான கடைசித் தேதிகள் செய்தியில் அடிபடத் தொடங்கியதிலிருந்து, பாலக்காட்டு எல்லை வாசகர்கள் ஒரே கேள்வியை எழுதி அனுப்புகிறார்கள்: அட்டப்பாடியில் தங்கம் இருக்கிறதா? இருந்தால் ஏன் எடுக்கவில்லை?

இருக்கிறது. கோட்டத்தறைப் பக்கம் குவார்ட்ஸ் பாறை நரம்புகளில் தங்கம் இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பதிவு செய்திருக்கிறது. வடமேற்கே நிலம்பூரில், சாலியாற்று மணலில் பொன் அரிப்பது பழைய தொழில். ஆனால் எவ்வளவு என்பதில்தான் சிக்கல். கேரளத்து ஆற்றுப்படிவுகளில் 5.86 டன் தங்கம் என்கிறது அரசின் கனிமக் கணக்கு. அது பரவிக் கிடப்பது 2.61 கோடி டன் மண்ணில். வகுத்துப் பாருங்கள், டன்னுக்குக் கால் கிராம்கூடத் தேறாது. ஒரு பவுனுக்கு ஏறக்குறைய 36 டன் மண்ணை அலச வேண்டும்.

இந்த வகுத்தலைத் தவிர்க்கும் அறிவிப்பு எதையும் நான் நம்புவதில்லை. 2020 பிப்ரவரியில் உத்தரப்பிரதேசத்தின் சோன்பத்ராவில் 3,000 டன்னுக்கு மேல் தங்கம் என்று மாவட்ட அதிகாரிகள் தரப்பிலிருந்தே செய்தி வந்தது. இருப்பது சுமார் 160 கிலோ என்று ஆய்வுத் துறை மறுத்தது.

இப்போது உரிமத்துக்கு வருவோம். சுரங்கச் சட்டத்தின் 2023 திருத்தம் தங்கம், வெள்ளி உள்ளிட்ட 29 கனிமங்களுக்கு ஆய்வு உரிமம் கொண்டுவந்தது. தனியார் நிறுவனம் தன் பொறுப்பில் தேடும். அது கண்டுபிடித்ததை அரசு பிறகு சுரங்கக் குத்தகைக்கு ஏலம் விடும். குத்தகை எடுத்தவர் கட்டும் ஏலப் பிரீமியத்தில் தேடியவருக்கு ஒரு பங்கு. குறைந்த பங்கு கேட்பவருக்கே உரிமம். தோல்வியின் செலவு முழுவதும் கஜானாவின் தலையில் விழாது என்ற அளவில் இது கெட்டிக்கார ஏற்பாடு.

என்னை உறுத்துவது வேறு. எதுவும் இல்லை என்று நேர்மையாகச் சொல்பவருக்குப் பங்கு இல்லை. அறிக்கை பளபளத்தால் ஏலம் ஏறும், ஏலம் ஏறினால் பங்கும் ஏறும். வெட்டி அனுப்பும் தாதுவின் மதிப்பில்தான் பிரீமியம் என்பது ஒரு கடிவாளம், ஆனால் அதற்குள் காடு வெட்டப்பட்டிருக்கும். தங்கம் பாறையில் சீராகப் பரவுவதில்லை. ஒரே ஒரு மாதிரியில் தங்கத் துணுக்கு விழுந்தாலும் அது சராசரியையே தூக்கிவிடும். நீலகிரியில் கூடலூரை ஒட்டியிருக்கும் தேவாலா, பந்தலூரில் நடந்ததும் அதுதான். 1880-இல் சுரங்க நிபுணர் புரோ ஸ்மித்தின் நம்பிக்கையூட்டும் அறிக்கை வந்த சமயத்தில் லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. மாதிரி காட்டிய தங்கம் ஆலையில் கிடைக்கவில்லை. சில ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லாம் மூடப்பட்டன.

வெள்ளி கிடைக்குமா? இயற்கைத் தங்கத்தில் கொஞ்சம் கலந்திருக்கும். நாட்டின் வெள்ளி பெரும்பாலும் ராஜஸ்தானின் ஈய, துத்தநாகச் சுரங்கங்களில்தான்.

கோலார் தங்கச் சுரங்கம்? 2001-இல் மூடியாயிற்று.

என் நிலத்தடியில் கிடைத்தால் எனக்கா? யாருடையதாக இருந்தாலும் உரிமமின்றித் தோண்ட முடியாது.

ஆதிவாசி ஊர்களின் சம்மதம்? வன உரிமைச் சட்டம், 2006 இருக்கிறது. கிராமசபையைக் கூட்டச் சொல்லுங்கள்.

அடுத்த அறிவிப்பு வரும்போது டன்னுக்கு எத்தனை கிராம், எத்தனை துளைகளில் எடுத்த மாதிரி என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை நிலத்தையும் பணத்தையும் கொடுக்காதீர்கள்.