நுண்ணலை ஆற்றல் பெருக்கி: பொருத்துதலும் இயக்குதலும் பேணுதலும்

1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1-ஆம் நாள் முதல் 1976 ஜூலை 31-ஆம் நாள் வரை, துணைக்கோள் வழியாகக் கல்வி புகட்டும் பெருஞ்சோதனை ஒன்று நம் நாட்டில் நடைபெற்றது. ஆந்திரப் பிரதேசம், இராஜஸ்தான், கர்நாடகம், பீகார், மத்தியப் பிரதேசம், அந்நாளில் ஒரிசா எனப்பட்ட ஒடிசா ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களில் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. காலையில் பள்ளிச் சிறுவர்க்கும், மாலையில் ஊர் மக்களுக்கும் நிகழ்ச்சிகள் காட்டப்பட்டன. தரை நிலையத்திலிருந்து 6,000 மெகாஹெர்ட்ஸ் அளவிலான அலைகளாக அவை மேலே அனுப்பப்பட்டன. ஏ.டி.எஸ்.-6 என்னும் அமெரிக்கத் துணைக்கோள் அவற்றை ஏற்று, 860 மெகாஹெர்ட்ஸ் அலைகளாக மாற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பியது.

ஓர் ஊரிலுள்ள பெட்டி பழுதுற்றால் அவ்வூர் மட்டுமே நிகழ்ச்சியை இழக்கும். தரை நிலையத்திலுள்ள ஆற்றல் பெருக்கி நின்றுவிட்டாலோ, அதனை நம்பியிருக்கும் ஊர்கள் அனைத்திலும் திரை இருண்டுவிடும். ஆதலின் இக்கருவியைப் பொருத்துவோரும் இயக்குவோரும் அதன் இயல்பை நன்கு அறிந்திருத்தல் வேண்டும்.

கருவியின் தேவை

புவிநிலைத் துணைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளன. நிலையத்தில் உருவாகும் நுண்ணலைக் குறிப்போ 1 மில்லிவாட் போன்ற சிறிய அளவினது. அதனை 400 வாட்டாக உயர்த்த வேண்டுமெனில் 4,00,000 மடங்கு பெருக்குதல் வேண்டும். டெசிபல் கணக்கில் இது 56 ஆகும். இப்பணிக்குப் பல நிலையங்களில் பயன்படுவது பயண அலைக் குழல் என்னும் வெற்றிடக் குழல். அதுவும், அதற்கு உயர் மின்னழுத்தம் வழங்கும் பகுதியும், குளிர்விக்கும் விசிறியும் ஒருங்கே ஒரு பெட்டியில் அமைக்கப்பட்டு, இரும்பு ராக்கில் பொருத்தப்படுகின்றன.

வியன்னாவில் பிறந்து கட்டடக் கலை பயின்ற ருடால்ஃப் காம்ப்னர் என்பார், 1943-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இக்குழலை இயக்கிக் காட்டினார். அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜான் பியர்ஸ் இதன் கொள்கையை விரிவாக வகுத்தார். 1962-இல் ஏவப்பட்ட டெல்ஸ்டார் துணைக்கோளிலும் இத்தகைய குழலே அலைகளைப் பெருக்கியது.

செயற்படும் முறை

குழலின் ஒரு முனையில் எதிர்மின்வாய் உள்ளது. சூடேற்றும் இழை அதனைச் சூடாக்க, எலெக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. உயர் மின்னழுத்தம் அவற்றை ஒரு மெல்லிய கற்றையாக முன்னோக்கிச் செலுத்துகிறது. 10,000 வோல்ட்டில் முடுக்கப்பட்ட எலெக்ட்ரானின் வேகம், ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகும். கற்றை சிதறாதவாறு குழலைச் சுற்றிலும் நிலைக்காந்தங்கள் வரிசையாக அமைக்கப்பட்டுள்ளன. கற்றை ஒரு கம்பிச் சுருளின் நடுவே சென்று, மறுமுனையிலுள்ள சேகரிப்பானை அடைகிறது.

பெருக்க வேண்டிய நுண்ணலை அச்சுருளின் கம்பி வழியாகச் செல்கிறது. கம்பியின்மீது அது ஒளியை ஒத்த வேகத்தில் விரைந்தாலும், சுற்றிச் சுற்றிச் செல்ல வேண்டியிருப்பதால் முன்னேறும் வேகம் குறைகிறது. இதனை வகுப்பில் எளிதில் விளக்கலாம். ஒரு பென்சிலின்மீது நூலைச் சுற்றுக. சுற்றப்பட்ட பகுதியின் நீளத்தைப் போல் நூலின் நீளம் ஐந்து மடங்காக இருக்கட்டும். நூலின்மீது ஓர் எறும்பும், பென்சிலின்மீது நேராக மற்றோர் எறும்பும் செல்வதாகக் கொள்க. முதல் எறும்பு ஐந்து மடங்கு வேகத்தில் ஓடினாலும், இரண்டும் ஒன்றாகவே முனையை அடையும். இவ்வாறே அலையும் எலெக்ட்ரான்களும் உடன் செல்கின்றன.

அலையின் மின்புலம் சில எலெக்ட்ரான்களைத் தடுத்தும் சிலவற்றை விரைவுபடுத்தியும் அவற்றைத் திரள் திரளாகச் சேர்க்கிறது. கற்றையின் வேகம் அலையினும் சிறிது மிகுதியாக வைக்கப்படுவதால், இத்திரள்கள் தம் வேகத்தை இழந்து அவ்வாற்றலை அலைக்கு அளிக்கின்றன. அலை வளர வளரத் திரளும் வளர்கிறது. அதனால் ஆற்றல் மாற்றமும் பெருகுகிறது. முடிவில் எஞ்சிய ஆற்றல் சேகரிப்பானில் வெப்பமாகிறது.

பொருத்துதல்

பெட்டியைத் திறக்குமுன் போக்குவரத்தில் நேர்ந்த சிதைவு ஏதேனும் உண்டோ எனப் பார்த்துக் குறித்துக்கொள்ளல் வேண்டும். இரும்புக் கருவிகளைக் குழலுக்கு அருகில் கொணர்தல் கூடாது. காந்தப்புலம் சிறிது மாறினும் கற்றை விலகிச் சுருளைத் தாக்கும்.

ராக்கின் முகப்பு அகலம் 19 அங்குலம், அதாவது 48.26 சென்டிமீட்டர். உயரத்தின் ஓர் அலகு 4.445 சென்டிமீட்டர். எடை மிகுந்த பெருக்கியைக் கீழ்த்தட்டில் அமைத்தல் வேண்டும். ராக்கைத் தரையுடன் போல்ட்டுகளால் பிணைத்தலும் வேண்டும். முகப்புத் திருகுகள் மட்டும் பெருக்கியின் எடையைத் தாங்கா. பக்கத் தண்டவாளங்களே எடையைத் தாங்க வேண்டும். தூக்குவதற்கு இருவரேனும் தேவை.

அடுத்து நோக்க வேண்டியது காற்று. 400 வாட் வெளியிடும் பெருக்கி ஒன்று மின்வழியிலிருந்து 2,000 வாட் பெறுவதாகக் கொண்டால், எஞ்சிய 1,600 வாட்டும் வெப்பமாகிறது. அது சிறிய அறையில் ஒரு பெரிய மின்னடுப்பை ஓயாமல் எரிய விடுவதற்கு ஒப்பாகும். வெளியேறும் வெங்காற்று மீண்டும் உட்புகாதவாறு தனிக் குழாய் வழியாக அறைக்கு வெளியே அதனைச் செலுத்துதல் வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரமுள்ள லே போன்ற இடங்களில் காற்றழுத்தம் சமவெளியில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. அங்கே காற்று குளிர்ந்திருப்பினும், அடர்த்தி குறைவதால் வெப்பத்தைக் கவரும் திறனும் குறைகிறது. உயர் மின்னழுத்தம் பொறியாகப் பாய்வதும் எளிதாகிறது. ஆகவே கருவி எவ்வுயரம் வரை பயன்படும் என்பதைக் கையேட்டில் பார்த்தறிதல் வேண்டும்.

230 வோல்ட்டு, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைத் தனி பிரேக்கர் வழியாகத் தருதல் நன்று. எர்த் இணைப்பு உறுதியாக அமைந்து சோதிக்கப்பட்ட பின்னரே மின்சாரம் இணைக்கப்பட வேண்டும்.

பெருக்கியிலிருந்து ஆன்டெனாவுக்கு நுண்ணலையைக் கொண்டு செல்வது வேவ்கைடு என்னும் செவ்வக உலோகக் குழாய். 6,000 மெகாஹெர்ட்ஸ் அலைகளுக்குப் பயன்படும் ஒரு வகையின் உள்ளளவு 34.85 மில்லிமீட்டரும் 15.80 மில்லிமீட்டரும் ஆகும். இதன் நீளத்தை இயன்ற அளவு குறைத்தல் வேண்டும். வழியில் 3 டெசிபல் இழப்பு நேர்ந்தால், 400 வாட்டில் 200 வாட்டே ஆன்டெனாவை அடையும். இணைப்பு முகங்கள் தூய்மையாகவும் நசுங்காமலும் இருத்தல் வேண்டும். எதிரெதிர்த் திருகுகளைச் சிறிது சிறிதாக, மாறி மாறி முறுக்குதல் வேண்டும். உள்ளே ஈரம் சேராதிருக்க, உலர்ந்த காற்றைச் சிறிய அழுத்தத்தில் செலுத்தி வைப்பது வழக்கம். வெளிவாய் ஆன்டெனாவுடனோ போலிச் சுமையுடனோ இணைக்கப்படாத நிலையில் பெருக்கியை இயக்கவே கூடாது. சென்ற ஆற்றல் திரும்பி வந்து குழலைக் கெடுக்கும்.

இயக்குதல்

முதலில் உள்வரும் குறிப்பைக் குறைக்கும் பகுதியை உச்ச அளவில் வைத்திடுக. பின்னர் மின்சாரத்தைத் தருக. விசிறி சுழல்வதை உறுதி செய்க. எதிர்மின்வாய் தேவையான வெப்பத்தை அடையப் பொதுவாக 3 முதல் 5 நிமிடம் ஆகும். இக்காலம் கழியுமுன் உயர் மின்னழுத்தத்தைத் தருவது எதிர்மின்வாயின் ஆயுளைக் குறைக்கும். பல கருவிகளில், மின்சாரம் சற்றே தடைப்பட்டு மீண்டாலும் இக்காத்திருப்பு மீண்டும் தொடங்கும். தடையிலா மின்வழங்கி இதன் பொருட்டே இன்றியமையாததாகிறது.

உயர் மின்னழுத்தம் வந்தபின் கற்றை மின்னழுத்தத்தையும் சுருள் மின்னோட்டத்தையும் குறித்துக்கொள்க. அவை கையேட்டிலுள்ள அளவுகளை ஒத்திருந்தால், குறிப்பைச் சிறிது சிறிதாக உயர்த்துக. வெளிச்செல்லும் ஆற்றலையும் திரும்பி வரும் ஆற்றலையும் ஒருங்கே கவனித்தல் வேண்டும். துணைக்கோளைக் கட்டுப்படுத்தும் நிலையம் அனுமதித்த அளவுக்கு மேல் ஆற்றலை உயர்த்துதல் கூடாது. அது பிறருடைய தொடர்பைக் கெடுக்கும்.

எவ்வளவு குறிப்பைத் தந்தாலும் வெளியீடு அதற்குமேல் உயராத நிலைக்குச் செறிவு நிலை என்று பெயர். ஒரே ஓர் அலையை மட்டும் பெருக்கும்போது இதற்கு அண்மையில் இயக்கலாம். இரண்டு அலைகள் சேர்ந்து செல்லுமாயின் புதிய அலைகள் தோன்றும். எடுத்துக்காட்டாக 6,000, 6,010 மெகாஹெர்ட்ஸ் அலைகள் சேரின் 5,990, 6,020 மெகாஹெர்ட்ஸ் அலைகளும் உண்டாகி, அங்கே பணிபுரியும் வேறு நிலையங்களுக்கு இடையூறு செய்யும். இதனைத் தவிர்க்க வெளியீட்டைக் குறைத்து இயக்குவர். 6 டெசிபல் குறைத்தால் 400 வாட் பெருக்கி 100 வாட்டே தரும். இது வீண் அன்று. குறிப்பு தூய்மையாகச் செல்வதற்குத் தரும் விலையாகும்.

காப்பு அமைப்பு கருவியை நிறுத்திவிட்டால், எவ்விளக்கு எரிகிறது என்பதை முதலில் எழுதிக்கொள்ளல் வேண்டும். காரணம் அறியாது மீண்டும் மீண்டும் இயக்குவதால், சிறு பழுது குழலையே இழக்கும் நிலைக்குக் கொண்டுபோய் விடும். நிறுத்தும்போது முதலில் குறிப்பையும், பின்னர் உயர் மின்னழுத்தத்தையும் நீக்குக. விசிறி சில நிமிடங்கள் சுழன்று குழலைக் குளிர்வித்த பின்னரே மின்சாரத்தை நிறுத்துக.

பேணுதல்

நாள்தோறும் அளவுகளை ஏட்டில் பதிதல் பேணுதலின் முதற்படி. ஒரு நாளின் எண் அதிகம் கூறாது; பல மாதங்களின் எண்களே குழலின் நிலையைக் கூறும். சுருள் மின்னோட்டம் மெல்ல மெல்ல உயருமாயின் கற்றை சிதறத் தொடங்கிவிட்டது என்றும், மாற்றுக் குழலைத் தேடும் காலம் வந்துவிட்டது என்றும் அறியலாம். திரும்பி வரும் ஆற்றல் உயர்ந்தால் வேவ்கைடில் ஈரமோ தளர்ந்த இணைப்போ இருத்தல் கூடும். மற்ற அளவுகள் மாறாது வெளியீடு மட்டும் குறைந்தால், உள்வரும் குறிப்பை முதலில் சோதிக்க வேண்டும். வெப்ப எச்சரிக்கை வந்தால் காற்று வடிகட்டியைப் பார்த்தல் வேண்டும்.

வடிகட்டியை எத்தனை நாளுக்கு ஒருமுறை தூய்மை செய்வது என்பது இடத்தைப் பொறுத்தது. இராஜஸ்தானத்தின் புழுதிக் காலத்தில் தேவைப்படும் கவனம் வேறு. கடற்கரையில் மழைக்காலத்தில் தேவைப்படுவது வேறு. கடற்கரையில் உப்பும் ஈரமும் உயர் மின்னழுத்தக் காப்புகளின்மீது படிந்து மின்கசிவை உண்டாக்கும். சேமிப்பிலுள்ள மாற்றுக் குழலையும் மறத்தல் ஆகாது. நெடுநாள் இயங்காத குழலின் வெற்றிடம் கெடக்கூடும். உற்பத்தியாளர் குறித்த இடைவெளியில் அதற்கு மின்சாரம் தந்து சோதித்து வைத்தால்தான், தேவைப்படும் நாளில் அது உதவும்.

உயிர்க்காப்பு

இக்கருவியிலுள்ள மின்னழுத்தம் உயிரைக் கொல்ல வல்லது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மின்தேக்கிகளில் மின்னேற்றம் தங்கியிருக்கும். மூடியைத் திறக்குமுன் பிளக்கைக் கழற்றி, கையேடு கூறும் காலம் காத்திருந்து, எர்த்துடன் இணைந்த காப்பிடப்பட்ட கோலால் மின்தேக்கிகளைத் தொட்டு மின்னேற்றத்தை நீக்குதல் வேண்டும். தனித்து ஒருவர் இவ்வேலையைச் செய்யலாகாது. மூடி திறந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சுகளை, வேலை விரைவில் முடிய வேண்டும் என்பதற்காகக் கட்டி வைப்பது பெருந்தவறு. ஒருவரை மின்சாரம் தாக்கினால், மின்வழியைத் துண்டித்த பின்னரே அவரைத் தொடுதல் வேண்டும்.

திறந்த வேவ்கைடின் வாயை எட்டிப் பார்த்தல் கூடாது. நுண்ணலை உடலைச் சூடாக்கும். கண்ணின் வில்லையில் வெப்பத்தைக் கொண்டு செல்லும் இரத்த ஓட்டம் இல்லாமையால் அது எளிதில் கேடுறும். சில குழல்களில் பெரிலியம் ஆக்சைடு என்னும் பீங்கான் பயன்படுகிறது. அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. ஆதலின் பழைய குழலை உடைத்தலும் அராவுதலும் கூடாது. உற்பத்தியாளருக்கே திருப்பி அனுப்புதல் வேண்டும்.

இந்நாளில் காலியம் நைட்ரைடு போன்ற குறைகடத்திகளாலான பெருக்கிகள் பல நிலையங்களில் குழல்களின் இடத்தைப் பெற்று வருகின்றன. அவற்றிற்குப் பல ஆயிரம் வோல்ட்டு மின்னழுத்தம் தேவையில்லை. எனினும் தூய காற்று, உறுதியான எர்த், நல்ல இணைப்பு, ஒழுங்கான ஏடு ஆகிய நான்கும் அவற்றிற்கும் இன்றியமையாதனவே.

சென்னையிலிருந்து அந்தமானுக்கு 2020-இலும், கொச்சியிலிருந்து இலட்சத்தீவுகளுக்கு 2024-இலும் கடலடி ஒளியிழை வடங்கள் பயனுக்கு வந்தன. அதற்கு முன்னர் இத்தீவுகளின் தொலைத்தொடர்பு பெரிதும் துணைக்கோளையே நம்பியிருந்தது. புயலில் கம்பிகளும் கோபுரங்களும் வீழும் நாளில், இன்றும் பல இடங்களுக்கு அவ்வழியே எஞ்சுகிறது. மருத்துவரை அழைக்கும் செய்தியும் மீட்புப் படகைக் கேட்கும் செய்தியும் அந்நாளில் ஒரு பெருக்கியின் வழியாகவே செல்ல வேண்டும். அமைதியான நாட்களில் வடிகட்டியைத் தூய்மை செய்து, அளவுகளை ஏட்டில் பதிந்து வைத்தவரின் உழைப்பு அன்று பயன் தரும்.