உஷார்! இறங்கிய குரல் ஏறவில்லையா?

தைராய்டு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவருக்குப் பேச்சில் காற்றுதான் வருகிறது. “மயக்க மருந்துக்குக் குழாய் போட்டாங்கல்ல, அந்தப் புண்ணுதான்” என்று ஆளாளுக்குச் சமாதானம் சொல்கிறார்கள். மிளகுப்பால், பனங்கற்கண்டு, சித்தரத்தை என்று நாள் ஓடுகிறது. குழாய் உரசிய கரகரப்பு என்றால் சில நாளில் தணிந்துவிடும். தணியாவிட்டால்தான் வில்லங்கம்: குரல் நாணை அசைக்கும் நரம்பே அடிபட்டிருக்கலாம். அதைச் சித்தரத்தை எட்டாது.

இந்த நரம்பு போகும் வழியே விசித்திரம். மூளையிலிருந்து இறங்கும் பெருநரம்பிலிருந்து நெஞ்சுக்குள் பிரிந்து, இடப்பக்கம் பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு, மறுபடி கழுத்துக்கு ஏறுகிறது. வலப்பக்க நரம்பு கொஞ்சம் மேலேயே, கைக்குப் போகும் ரத்தக்குழாயைச் சுற்றித் திரும்பிவிடும். இரண்டும் தைராய்டின் பின்புறத்தை ஒட்டியே குரல்வளைக்குள் நுழைகின்றன. தைராய்டு ஆபரேஷனில் இவை மாட்டுவது இதனால்தான். கழுத்தில் கத்தியே படாதவருக்கு, நுரையீரல் புற்றோ பெருந்தமனி வீக்கமோ முதலில் குரலைக் கெடுப்பதும் இதே வழியால்தான். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் ‘புகைச்சல்தான்’ என்று தள்ளிப்போடவே கூடாது. சில சமயம் சாதாரண ஜலதோஷத்தோடும் இந்த நரம்புக் கோளாறு வரும். கூகுளின் லாரி பேஜ் தனக்கு அப்படித்தான் இடப்பக்க நாண் செயலிழந்தது என்று 2013இல் எழுதினார்.

ஒரு வாக்கியம் முடிவதற்குள் மூச்சு தீர்கிறதா? கஞ்சி இறங்குகிறது, தண்ணீர் குடித்தால் மட்டும் புரை ஏறுகிறதா? கவனியுங்கள். இரு பக்க நாணும் அசையாமல் நின்றுவிட்டால் குரல் ஏறக்குறைய நன்றாகவே இருந்து ஏமாற்றும். மூச்சை இழுக்கும்போதுதான் கீச்சென்று சத்தம் வரும். அப்போது அப்பாயின்ட்மென்ட் எல்லாம் கிடையாது, நேராக எமர்ஜென்சிக்கு ஓடுங்கள்.

மற்றபடி, நான்கு வாரத்தில் குரல் தெளியாவிட்டால் இ.என்.டி. டாக்டரிடம் போங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கெட்டது என்றாலோ, கழுத்தில் கட்டி, புகைப்பழக்கம் இருந்தாலோ அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். மூக்கு வழியாக மெல்லிய ஸ்கோப்பை விட்டு, “ஈ...” என்று இழுக்கச் சொல்லிப் பார்ப்பார். சில நிமிட வேலை. நாண் அசையவில்லை, காரணமும் தெரியவில்லை என்றால் மண்டையோட்டின் அடியிலிருந்து நெஞ்சு வரை சி.டி. எடுக்க வேண்டும். கழுத்தை மட்டும் எடுத்து அனுப்பினால், “நெஞ்சு வேண்டாமா டாக்டர்?” என்று கேளுங்கள்.

நரம்பு தானாகத் தேறவும் வாய்ப்புண்டு. ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகலாம். அதற்காக அதுவரை வாய்மூடி உட்கார்ந்திருக்கச் சொல்வதை நான் ஒப்பமாட்டேன். அசையாத நாணை ஊசி மருந்தால் பருமனாக்கி நடுவே தள்ளினால் குரலும் தேறும், புரையேறுவதும் குறையும். குரல் பயிற்சியும் உண்டு. நரம்பு தேறவே தேறாவிட்டால் நாணை நிரந்தரமாக நகர்த்திவைக்கும் ஆபரேஷன் இருக்கிறது. இதற்கெல்லாம் குரல்வளைக்கென்றே தனிப்பயிற்சி பெற்ற இ.என்.டி. நிபுணர் வேண்டும். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஆபரேஷன் குறிப்பையும் கேட்டு வாங்கிப் போங்கள். எந்தப் பக்கம் அறுத்தார்கள், நரம்பைக் கண்ணால் பார்த்தார்களா என்பது அதில்தான் இருக்கும்.