ஏடி கல் முதல் ஆய்வக வைரம் வரை

பெயர்பெற்ற வடிவமைப்பாளர்களின் வைர நகைக்குச் செலுத்தப்படும் தொகையில் கல்லின் விலை ஒரு பகுதி மட்டுமே. வடிவமைப்புக்கும் செய்கூலிக்கும் நிறுவனப் பெயருக்குமாகக் கொடுத்த பணம் நகையை விற்க நேரும் நாளில் பெரும்பாலும் திரும்ப வருவதில்லை. அடகு வைக்கப் போனாலும் கல்லின் எடையைக் கழித்துத் தங்கத்துக்கு மட்டுமே கடன் கணக்கிடப்படும். ஆகவே புதுச்சேரி நேரு வீதியின் நகைக்கடைகளிலும் காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் மாற்றுக் கற்களைத் தேடுவோர் கணக்குத் தெரிந்தவர்களே. அவர்களுக்கு வேண்டியது, ஒவ்வொரு கல்லும் எது, எத்தனை காலம் உழைக்கும், அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற தெளிவு.

விலை குறைந்த அணிகலன் இந்த ஊருக்குப் புதிதன்று. நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை ழான் மரி கசாலும் நடத்திய அகழாய்வுகள், பழங்காலத்தில் அங்கே படிகம், செவ்வந்திக்கல், சூதுபவளம் ஆகியவற்றோடு வண்ணக் கண்ணாடியிலும் மணிகள் செய்யப்பட்டதைக் காட்டின. உருக்கிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்துச் சிறு துண்டுகளாக நறுக்கும் முறையில் மணிகளைப் பெருமளவில் செய்ய முடிந்ததால், இவ்வகை மணிகள் தென்கிழக்கு ஆசியா வரை பரவின. மாற்றுக் கற்களின் பிற்கால வரலாற்றிலோ பாரிஸ் நகரமே திரும்பத் திரும்ப வருகிறது. 18ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்ட்ராஸ் ஈயம் கலந்த கண்ணாடியை வைரம்போலப் பட்டை தீட்டி அங்கே விற்றார்; 1902இல் ஒகுஸ்த் வெர்னுய் செயற்கைக் கெம்பு செய்யும் முறையை அறிவித்தார். பிரெஞ்சு ஆட்சியின் தடத்தைக் கடற்கரையோரக் கட்டடங்களில் மட்டும் தேடுவோர் நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டியையும் ஒருமுறை பார்க்கலாம்.

இன்று மிகுதியாக விற்பது ஏடி கல், அதாவது அமெரிக்கன் டைமண்ட். க்யூபிக் சிர்கோனியா என்னும் இச்செயற்கைப் படிகம் 1970களில் சோவியத் விஞ்ஞானிகளின் முயற்சியால் பெருமளவில் உற்பத்தியாகத் தொடங்கியது. அத்தகைய செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டுவது திருச்சி வட்டாரத்தில் நெடுநாளாக நடக்கும் குடிசைத்தொழில். கற்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10 என்றால் ஏடி கல் 8 முதல் 8.5 வரையும், கண்ணாடிக்கல் ஏறத்தாழ 5.5உம் பெறும். கடற்கரை மணலில் கலந்துள்ள குவார்ட்ஸ் 7 ஆதலால், அது கண்ணாடிக்கல்லைக் கீறிவிடும், ஏடி கல்லைக் கீறாது. எனினும் நாள்தோறும் அணியும் மோதிரத்தில் ஏடி கல்லின் பட்டை விளிம்புகள் சில ஆண்டுகளில் மழுங்கி ஒளி மங்குவது இயல்பே.

ஏடி கல்லில் பலரும் கவனிக்கத் தவறுவது அதன் எடை. ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம், 6.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்ட வைரம் ஏறத்தாழ அவ்வளவு இருக்க, அதே அளவுள்ள ஏடி கல் ஏறத்தாழ 330 மில்லிகிராம் இருக்கும். கற்கள் நிறைந்த ஆரத்தில் இது கிராம் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதால், மொத்த எடைக்குத் தங்க விலை போட்டால் வாங்குபவர் சிர்கோனியாவைத் தங்கத்தின் விலைக்கு வாங்கியவராகிறார். சேதாரமும் அதன் மேலேயே ஏறும். மொத்த எடை, கல் எடை, நிகர எடை ஆகிய மூன்றும் பில்லில் தனித்தனியே இருக்க வேண்டும் என்று கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

மாய்சனைட் இன்னும் உறுதியானது, கடினம் 9.25. அரிசோனாவில் விழுந்த விண்கல்லின் துணுக்கை 1893இல் ஆராய்ந்த பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்ரி மாய்சான் கண்டறிந்த சிலிக்கான் கார்பைடு என்னும் கனிமம் இது. கடைகளில் கிடைப்பது ஆய்வகத்தில் வளர்த்தது. வெப்பக் கடத்தலை மட்டும் அளக்கும் சோதனைக் கருவி இதையும் வைரம் என்றே காட்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துக் கல்லைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தால், அடிப்புறப் பட்டைகளின் கோடுகள் இரட்டையாகத் தெரியும். வைரத்தில் அவை ஒற்றைக் கோடுகளே.

ஆய்வக வைரம் இவற்றிலிருந்து வேறுபட்டது. உயர் அழுத்தத்திலும் வெப்பத்திலும் கரியைப் படிகமாக்கியோ, கரி கலந்த வாயுவிலிருந்து அடுக்கடுக்காகப் படியவைத்தோ வளர்க்கப்படும் இது வேதியியல்படி வைரமேதான். சிறப்புக் கருவியின்றி வேறுபாடு தெரியாது. இந்திய அரசு 2023இல் இதன் ஆராய்ச்சிக்காகச் சென்னை ஐஐடிக்கு ஐந்தாண்டுகளில் 242 கோடி ரூபாய் வழங்க முடிவு செய்தது. உற்பத்தி பெருகப் பெருக விலை சரிந்து வருகிறது. 2018இல் காரட் 800 டாலர் என்று ஆய்வக வைர விற்பனையைத் தொடங்கிய டி பியர்ஸின் லைட்பாக்ஸ் நிறுவனத்தை மூடப்போவதாக 2025இல் அறிவிப்பு வந்தது. எனவே அணிந்து மகிழ இது நல்ல தேர்வு, சேமிப்பாகக் கருதி வாங்கத் தக்கதன்று. ஐஜிஐ, ஜிஐஏ போன்ற ஆய்வகங்களின் சான்றிதழ் எண்ணைக் கல்லின் விளிம்பில் பொறித்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தே பணம் கொடுக்க வேண்டும். வைரத் தோட்டைச் சில நாள் வீட்டில் வைத்திருந்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்த பிறகே வாங்கும் குடும்பங்கள், ஆய்வகத்தில் பிறந்த வைரத்துக்கும் தோஷம் உண்டா என்பதை இனித்தான் முடிவு செய்ய வேண்டும்.

கல்லைத் தாங்கும் உலோகமும் அதே அளவு கவனத்துக்குரியது. ஒரு திருமணத்துக்கோ விழாவுக்கோ போதுமென்றால் சிதம்பரம் கவரிங் நகையே தாராளம். முலாம் தேய்ந்தால் மீண்டும் பூசிக்கொள்ளலாம். நீண்ட நாள் அணிய 925 வெள்ளியோ, 22 காரட்டைவிடக் கல்லை இறுக்கமாகப் பிடிக்கும் 18 காரட் தங்கமோ ஏற்றது. தங்கத்தில் ஹால்மார்க்கோடு உள்ள ஆறு இலக்க எழுத்தெண் அடையாளத்தைப் பிஐஎஸ் கேர் செயலியில் இட்டுச் சரிபார்க்க முடியும். ஏழு கல் தோடு செய்யக் கொடுப்போர் பின்புறம் மூடாத திறந்த கட்டாகக் கேட்டு, கற்களின் மில்லிமீட்டர் அளவையும் பத்தரிடம் எழுதி வாங்கிக்கொண்டால், இப்போது ஏடி கல்லைப் பதித்து, வசதி வரும்போது தோட்டை அழிக்காமல் கற்களை மட்டும் வைரமாக மாற்றிக்கொள்ளலாம்.