250 இலக்க எண்ணை உடைக்க எத்தனை கம்ப்யூட்டர் வேணும்? திருமலையிலிருந்து ஒரு விளக்கம்

திருமலையில் முடி காணிக்கை கொடுத்தவர்களுக்குக் கல்யாணகட்டா தெரிந்திருக்கும். டோக்கன் வாங்கணும், முடி எடுப்பவர் முன்னால் போய் உட்காரணும். ஒருவர் வேகமாக முடிப்பார், இன்னொருவர் மெதுவாக. ஆனால் ஒருவருக்காக மற்றவர் காத்திருப்பதில்லை.

2020 பிப்ரவரியில் ஆர்எஸ்ஏ-250 என்ற 250 இலக்க எண்ணை ஆய்வாளர்கள் உடைத்ததும் பெருமளவு இப்படித்தான்.

அதை ஏன் உடைக்கணும்?

இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது நொடி வேலை. வந்த விடையிலிருந்து அந்த இரண்டையும் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. இணையத்தில் நீண்ட காலமாகப் புழங்கும் ஆர்எஸ்ஏ பூட்டு நிற்பதே இந்தச் சிரமத்தின் மேல்தான். ஓர் எண் பகா எண்ணா என்று விரைவாகச் சோதிக்க முடியும் என 2002-ல் ஐஐடி கான்பூரின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா நிரூபித்தார்கள். காரணிகளைப் பிரிக்க அப்படியொரு வழி சாதாரண கம்ப்யூட்டருக்கு இன்னும் சிக்கவில்லை.

இது கம்ப்யூட்டர் இயற்கணித வேலை. அதாவது 1/3-ஐ 0.333 என்று சுருக்காமல் 1/3 ஆகவே வைத்துப் போடும் கணக்கு. ‘கிட்டத்தட்ட சரி’ என்பதே இதில் கிடையாது.

ஆய்வாளர்கள் பயன்படுத்திய காடோ-என்எஃப்எஸ் ஓர் இலவச மென்பொருள். இதில் பெரிய கட்டம் சலிப்பது: சிறிய பகா எண்களாக உடையக்கூடிய எண்ஜோடிகளைத் தேடி எடுப்பது. சர்வர் இந்தத் தேடலைத் துண்டு துண்டாக நறுக்கி வைத்திருக்கும். “வேலை இருக்கா?” என்று கிளையன்ட் கேட்கும், ஒரு துண்டு கிடைக்கும், முடித்துத் திருப்பி அனுப்பும். நடுவில் கரன்ட் போய்விட்டதா? கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதே துண்டை சர்வர் வேறொருவருக்குக் கொடுத்துவிடும்.

சர்வர் திருப்பதியில், கிளையன்ட்கள் சித்தூரில் ஒரு கல்லூரி லேபில் என்று வைத்துக்கொள்வோம். சாலை வழி சுமார் 70 கி.மீ. சலிப்பதற்கு அந்தத் தூரம் ஒரு பொருட்டே இல்லை, வீட்டு பிராட்பேண்ட் போதும்.

சிக்கல் அடுத்த கட்டத்தில். சலித்துக் கிடைத்ததையெல்லாம் சேர்த்து, சுமார் 40 கோடி வரிசைகள் கொண்ட ஓர் அணியைத் தீர்க்கணும். இது கல்யாணகட்டா இல்லை, பிரம்மோற்சவத் தேர். எல்லோரும் ஒரே நேரத்தில் வடம் பிடிக்கணும். ஒவ்வொரு அடியிலும் எல்லா கம்ப்யூட்டரும் விடைகளைப் பரிமாறிக்கொள்ளணும். சித்தூரிலிருந்து ஒரு பதில் தாமதமானாலும் மொத்தமும் நிற்கும். அதனால்தான் இதை ஒரே கூரையின் கீழ், அதிவேக இணைப்புள்ள கம்ப்யூட்டர்களில் ஓட்டுகிறார்கள்.

மொத்தச் செலவு சுமார் 2,700 கோர்-ஆண்டுகள். ஒரே ஒரு பிராசஸர் கோர் என்றால் சங்க காலத்துக்கும் முன்பே ஆரம்பித்திருக்கணும்! அதில் சுமார் 2,450 சலிப்பதற்கே போனது. வேலையின் பெரும்பகுதியைப் பங்கு போட முடிந்ததால்தான் இது சாத்தியமானது.

நமக்கு என்ன?

512 பிட் ஆர்எஸ்ஏ எண்ணை 1999-ல் முதன்முதலாக உடைக்கப் பல மாதங்கள் பிடித்தன. 2015-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் அமேசான் கிளவுடில் கம்ப்யூட்டர்களை வாடகைக்கு எடுத்து, நான்கே மணி நேரத்தில், 75 டாலரில் முடித்துக் காட்டினார்கள். ஆர்எஸ்ஏ-250 என்பது 829 பிட். 1024 பிட்டை யாரும் பகிரங்கமாக உடைத்ததில்லை. ஆனாலும் அதை நம்ப வேண்டாம் என்று 2048-க்கு (617 இலக்கம்) மாறச் சொல்லிப் பல வருஷமாகிறது. உங்கள் ஆபீஸில் பழைய விபிஎன் அல்லது ரவுட்டர் ஓடிக்கொண்டிருந்தால், அதன் சாவி எத்தனை பிட் என்று ஐடி டீமிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.