பாலைவன வீட்டில் பழைய குளிர்சாதனம்



பால் வெட்டி முடித்து வீடு திரும்பும்போது உடம்பெல்லாம் வியர்வை. வாசலில் உட்கார்ந்து, மண்பானைத் தண்ணீரை ஒரு சொம்பு குடித்தால்தான் உயிர் வருகிறது. "இதைவிடக் கொடிய வெயிலும் உலகத்தில் உண்டா?" என்று அப்போது நாம் கேட்பதுண்டு. உண்டு, நேயர்களே. அப்படிப்பட்ட வெயிலில் வாழும் மக்களுக்கு, வீட்டிலுள்ள பழைய குளிர்சாதனத்தை எப்போது மாற்றுவது என்பது வசதியைப் பற்றிய கேள்வி அல்ல. உயிரைப் பற்றிய கேள்வி. இன்றைய பேச்சில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

அமெரிக்காவின் தென்மேற்கே அரிசோனா என்றொரு மாநிலம் இருக்கிறது. அதன் தலைநகர் பீனிக்ஸ், பாலைவனத்தின் நடுவே எழுந்த பெருநகரம். 1990ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் அங்கே வெப்பம் 50 டிகிரி செல்சியசைத் தொட்டது. 2023ஆம் ஆண்டு கோடையில், தொடர்ந்து 31 நாட்கள் பகல் வெப்பம் 43 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. இரவிலும் காற்று தணியாத நாட்கள் பல. அந்த ஓர் ஆண்டில் மட்டும், பீனிக்ஸ் அமைந்துள்ள மரிக்கோப்பா மாவட்டத்தில் 645 பேர் வெப்பத்தின் காரணமாக இறந்தார்கள். வீதியில் விழுந்தவர்கள் மட்டுமல்லர். தங்கள் வீட்டுக்குள்ளேயே இறந்தவர்களும் உண்டு. அத்தகைய வீடுகள் பெரும்பாலானவற்றில் குளிர்சாதனம் இருந்தது. ஆனால் அது ஓடவில்லை!

குளிர்சாதனம் இல்லாத காலத்தில் அங்குள்ளவர்கள் என்ன செய்தார்கள்? கம்பிவலை அடித்த தாழ்வாரத்தில், நனைத்த துணிகளைத் தொங்கவிட்டு உறங்கினார்கள். பிறகு ஈரக் காற்றுப் பெட்டி வந்தது. நனைந்த தட்டி வழியாக விசிறி காற்றை இழுக்கும். நீர் ஆவியாகும்போது காற்று குளிரும். நம் மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதே விதத்தில்தான். காற்று வறண்டிருக்கும் வரை அந்தப் பெட்டி நன்றாக வேலை செய்யும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அங்கே பருவமழைக் காற்று வீசி ஈரம் கூடும்போது அது பயனற்றுப் போகும். எப்போதும் ஈரம் நிறைந்த நம் தோட்டங்களில் அந்தப் பெட்டி சரிப்படாததற்கும் காரணம் அதுவே.

ஆகையால் அங்குள்ள வீடுகள் பெரும்பாலும் குளிர்சாதனத்தையே நம்புகின்றன. அது எப்படி வேலை செய்கிறது? குளிர்சாதனம் குளிரை உண்டாக்குவதில்லை. வீட்டுக்குள் இருக்கும் வெப்பத்தை வாரி வெளியே கொட்டுகிறது. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பதோடு இதை ஒப்பிடலாம். கிணறு ஆழமாக ஆக, இறைப்பவர் கை நோகும் அல்லவா? அதுபோல, வெளியே வெயில் ஏற ஏற, வெப்பத்தைத் தள்ளுவது கடினமாகிறது. இந்த இயந்திரங்களின் திறனைச் சோதிக்கும்போது வெளி வெப்பத்தை 35 டிகிரியாக வைத்து அளப்பது வழக்கம். 45 டிகிரியில் அதே இயந்திரம் குறைவாகக் குளிர்விக்கும். மின்சாரத்தையோ கூடுதலாகத் தின்னும். மிகவும் தேவைப்படும் நாளில்தான் அதன் பலம் குறைகிறது.

இப்போது பீனிக்சில் ஒரு முதிய தம்பதியரை எண்ணிக்கொள்வோம். அவர்கள் வீட்டுக் குளிர்சாதனத்துக்கு வயது பதினைந்து. ஒரு ஜூலை மாத மாலை அது சூடான காற்றை வீசுகிறது. பழுது பார்க்க வந்தவர், "முழுவதையும் மாற்ற வேண்டும், பல ஆயிரம் டாலர் ஆகும்" என்கிறார். அவர்கள் என்ன செய்ய வேண்டும்?

முதலில், பழுது எங்கே என்று கேட்க வேண்டும். கம்ப்ரசரையும் விசிறியையும் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் என்ற சிறு உறுப்பு, கடும் வெப்பத்தில் அடிக்கடி கெட்டுப் போகும். அதன் விலை சொற்பம். காற்று வடிகட்டியில் தூசி அடைத்திருந்தாலும் குளிர் குறையும்; உள்ளே பனிக்கட்டிகூடப் படியும். இவற்றுக்காக ஒருவர் புதிய இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. இரண்டாவது ஆளையும் அழைத்துக் காட்டுவது நல்லது.

ஆனால் கம்ப்ரசரே போய்விட்டால், அல்லது வாயு கசிந்தால், கதை வேறு. பழைய இயந்திரங்கள் பலவற்றில் ஆர்-22 என்ற வாயு இருந்தது. அது வானிலுள்ள ஓசோன் படலத்தை அரிக்கும். 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்பாட்டின் வழியாக இத்தகைய வாயுக்களை உலக நாடுகள் படிப்படியாக ஒதுக்கின. அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டு முதல் புதிய ஆர்-22 தயாரிப்பும் இறக்குமதியும் நின்றுபோயின. பழைய இருப்பை வாங்கி, கசியும் இயந்திரத்தில் மீண்டும் மீண்டும் நிரப்புவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதாகும். அப்படிப்பட்ட இயந்திரத்தை மாற்றுவதே சிக்கனம்.

மாற்றும்போது, "பெரிதாகப் போடுங்கள்" என்பது எல்லாரும் சொல்வது. அது தவறு. அங்கே குளிர்சாதனத்தை "டன்" கணக்கில் சொல்வார்கள். இயந்திரத்தின் எடை அல்ல அது. ஒரு டன் பனிக்கட்டியை ஒரு நாளில் உருக்கும் வெப்பத்தை வெளியேற்றும் திறன், ஒரு டன். அளவுக்கு மீறிய இயந்திரம் சீக்கிரம் குளிர்வித்து நின்றுவிடும், மீண்டும் கிளம்பும். இப்படி ஓயாமல் நின்று நின்று கிளம்புவதால் அது விரைவில் தேயும். ஓர் அறை குளிரும், மற்றோர் அறை வேகும். வீட்டின் பரப்பு, கூரை, சன்னல், வெயில் படும் திசை ஆகியவற்றைக் கணக்கிட்டே அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

இன்னொன்று. அங்கே பல வீடுகளில் குளிர்காற்றுக் குழாய்கள் கூரைக்கும் மச்சுக்கும் இடையே ஓடுகின்றன. கோடையில் அந்த இடம் 60 டிகிரிக்கு மேலும் சூடேறும். குழாயில் பொத்தல் இருந்தால், காசு கொடுத்துக் குளிர்வித்த காற்று அங்கேயே வீணாகும். குழாயை அடைக்காமல் இயந்திரத்தை மட்டும் மாற்றுவது, ஒழுகும் கூரையின் கீழ் புதுப் பாய் விரிப்பது போல.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, காலம். கோடையில் கெடும்வரை காத்திருந்தால், ஆள் கிடைக்க நாட்கள் ஆகும்; விலை பேசவும் மனம் வராது. வயதான இயந்திரத்தை வெயில் தணிந்த மாதங்களிலேயே சோதித்து முடிவெடுப்பவர் புத்திசாலி.

பணமில்லாதவர் கதி? 2018ஆம் ஆண்டு, அரிசோனாவில் மின்கட்டணப் பாக்கிக்காக மின்சாரம் துண்டிக்கப்பட்ட ஒரு மூதாட்டி, வெப்பம் தாளாமல் தம் வீட்டிலேயே இறந்தார். பாக்கி சில பத்து டாலர்தான். மக்கள் கொதித்தெழுந்தார்கள். 2019ஆம் ஆண்டு கோடையில், வெப்ப மாதங்களில் அவ்வாறு துண்டிப்பதை அந்த மாநிலத்தின் கட்டுப்பாட்டு ஆணையம் நிறுத்தி வைத்தது. இயந்திரம் நல்ல நிலையில் இருந்தால் மட்டும் போதாது, அதை ஓட்ட வழியும் வேண்டும் என்பதை ஓர் உயிர் போன பிறகே உலகம் உணர்ந்தது.

நேயர்களே, நம் வீட்டில் குளிர்சாதனம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தால் வடிகட்டியைக் கழுவுங்கள். பழுது பார்ப்பவரிடம் கெட்ட உறுப்பைக் காட்டச் சொல்லுங்கள். விலையை எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டாலும், கடும் வெயில் நாட்களில் தனியே இருக்கும் பாட்டியையும் தாத்தாவையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். உடம்பு நெருப்பாய்க் கொதித்து, பேச்சு தடுமாறினால், அது வெறும் களைப்பு அல்ல. நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து விசிறி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். சுயநினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

இயந்திரத்தின் வயதைக் கணக்கிடும் நாம், அந்த வீட்டில் வாழ்பவரின் வயதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.